வாய்க்கால்ல கெடச்ச இடுப்பெலும்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் மன்னார்குடி பக்கம் ஒரு மேல்நிலைப்பள்ளியில விலங்கியல் டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியலும் எடுக்குறேன். இது 2023 மே கடைசியில ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிஞ்ச விஷயம். பையன் பேரு, ஊர் பேரு, பள்ளிக்கூடம் எதையும் இதுல போடல, பையன்கிட்டயும் அவன் வீட்லயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். இதே மாதிரி எலும்போ கல்லோ கையில எடுத்துட்டு ஒரு பிள்ளை வந்து நின்னா அடுத்த டீச்சருக்கு உபயோகமா இருக்கும்னுதான் நடந்தத நடந்த வரிசையில எழுதி வைக்கிறேன்.

டெல்டாக்காரங்களுக்கு தெரியும், மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடி மே மாசம் பூரா வாய்க்கால் தூர்வாருற வேலை ஓடும். எங்க பக்கம் பாமணியாத்துலேர்ந்து பிரியுற ஒரு வாய்க்கால்ல பொக்லைன் வச்சு வண்டல அள்ளி கரையில போட்டுட்டு இருந்தாங்க, அந்த மண்ணுலேர்ந்துதான் ஒன்பதாவது போகப்போற பையன் ஒருத்தன் ஒரு பெரிய எலும்ப எடுத்திருக்கான். கறுத்துப்போய், களிமண் அப்பி, நல்ல கனம். வீட்டுக்கு தூக்கிட்டு போய் மாட்டுக்கொட்டகையில வச்சு கழுவி போட்டோ எடுத்திருக்கான், அவங்க அண்ணன் அந்த போட்டோவ வாட்ஸ்ஆப் குரூப்ல "நம்ம ஊர்ல டைனோசர் எலும்பு"னு போட்டுட்டாரு. ரெண்டு நாள்ல அது எனக்கே மூணு குரூப்லேர்ந்து வந்துச்சு.

இந்த பையன பத்தி ஒண்ணு சொல்லணும். டைனோசர் பேர மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற ரகம் இல்ல அவன், எலும்ப பாக்குற பையன். போன்ல வீடியோ பாத்து பாத்து, எந்த எலும்ப வச்சு எதுன்னு கண்டுபிடிக்கிறாங்கன்னு தானா கத்துக்கிட்டவன்.

முதல் நாள் பார்த்தது

அந்த வருஷம் வெயிலால ஸ்கூல் தொறக்குறது தள்ளிப்போய், ஜூன் 12, மேட்டூர் தொறந்த அன்னிக்கேதான் எங்களுக்கும் தொறந்துச்சு. மொத நாளே உரச்சாக்குல சுத்தி எலும்ப கொண்டுவந்துட்டான். லேப் மேசையில வச்சு அளந்தோம், பதினேழு அங்குலம். ஒரு பக்கம் அகலமா தகடு மாதிரி விரிஞ்சு, நடுவுல ஒரு குழி, குழிக்கு பக்கத்துல கை விரல் மூணு நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை, மறுமுனையில தடிச்ச முண்டு.

"டீச்சர், இது இடுப்பெலும்பு. இடுப்புல ஓட்டை இருந்தா டைனோசர். நுனியில பூட்ஸ் மாதிரி தடிச்சு இருக்குல்ல, அப்ப கறி தின்னி, தெரோபாட்." இப்படி நிறுத்தி நிதானமா சொன்னான்.

அவன் சொன்ன ரெண்டு அடையாளமும் உண்மையான அடையாளம். டைனோசர்ங்கள மத்த ஊர்வனவுலேர்ந்து பிரிச்சு காட்டுற முக்கியமான விஷயமே தொடையெலும்போட தலை போய் உக்கார்ற இடுப்புக்குழி அடியில மூடாம ஆர்பார் ஓட்டையா இருக்குறதுதான். அதே மாதிரி அலோசாரஸ், டி ரெக்ஸ் மாதிரி நிறைய தெரோபாட்ல (ரெண்டு கால்ல நடந்த, பெரும்பாலும் கறி தின்ன டைனோசர் கூட்டம்) இடுப்போட முன் எலும்பான ப்யூபிஸ் நுனி பூட்ஸ் போட்ட கால் மாதிரி தடிச்சு இருக்கும். ஒன்பதாவது படிக்கிற பையன் இத சொல்றான்னா பெரிய விஷயம். ஆனா அன்னிக்கு எனக்கு இதுல பாதிதான் தெரியும்.

அன்னிக்கு நான் செஞ்ச தப்பு

பசங்க எல்லாம் கூடிட்டாங்க, சரி இத வச்சே பாடம் நடத்திடலாம்னு போர்டுல ஒரு மரம் வரைஞ்சேன். டைனோசர்ல ரெண்டு பிரிவு, பல்லி இடுப்பு, பறவை இடுப்பு, இத பிரிச்சவரு ஹாரி சீலிங்கிற ஆராய்ச்சியாளர், 1887ல. இது வரைக்கும் சரி. அடுத்து, "பேர்லயே இருக்கு பாருங்க, பறவை இடுப்பு டைனோசர்லேர்ந்துதான் பறவை வந்துச்சு"ன்னு சொல்லி கோழிய அந்த கிளையில எழுதிட்டேன்.

பையன் எந்திரிச்சு, "இல்ல டீச்சர், டி ரெக்ஸ் பல்லி இடுப்பு. கோழி அந்தப் பக்கம்தான் வரும்"னான். நான் "மொதல்ல உக்காரு, அப்புறம் பேசலாம்"னுட்டேன். பசங்க சிரிச்சாங்க, அவன் உக்காந்துட்டான்.

ராத்திரி வீட்ல உக்காந்து படிச்சு பாத்தா அவன் சொன்னதுதான் சரி. ட்ரைசெராடாப்ஸ், ஸ்டீகோசாரஸ் மாதிரி இலை தழை தின்ன கூட்டத்துக்குத்தான் பறவை இடுப்புன்னு பேரு, அதுங்களுக்கு ப்யூபிஸ் பின்பக்கமா சாஞ்சு பறவைக்கு இருக்குற மாதிரி இருந்ததால சீலி அந்த பேர வச்சாரு. உண்மையான பறவை வந்ததோ பல்லி இடுப்பு பக்கத்துல இருக்குற தெரோபாட்லேர்ந்து. அந்த வம்சத்துல சின்ன உருவ தெரோபாட்ங்ககிட்ட ப்யூபிஸ் தனியா இன்னொரு தடவை பின்னாடி திரும்பிச்சு. ஒரே வடிவம், ரெண்டு தனித்தனி வழி. மறுநாள் அதே போர்டுல, அதே பசங்க முன்னாடி, கோழிய அழிச்சு டி ரெக்ஸ் கிளையில எழுதினேன், நேத்து தம்பி சொன்னதுதான் சரி நான் சொன்னது தப்புன்னும் சொன்னேன். அது தேவைன்னு நினைச்சேன், ஏன்னா அடுத்து அவன் சொன்னதுல ஒண்ண நான் மறுக்க வேண்டியிருந்துச்சு, அத அவன் திறந்த மனசோட கேக்கணும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அதுக்குள்ள உள்ளூர் சேனல்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணிட்டாரு, எலும்போட பையன நிக்கவச்சு பேட்டி வேணுமாம். தலைமையாசிரியர் என்னைய கேட்டாரு. வேணாம் சார், ஒரு வாரம் குடுங்கன்னேன். எனக்கு 2020ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல நடந்தது நினைவுல இருந்துச்சு, அங்க ஏரியில மண்ணு எடுக்கும்போது உருண்ட உருண்டயா வந்தத டைனோசர் முட்டைன்னு ஊரெல்லாம் பரப்பி கூட்டம் கூடி, கடைசியில அது கடல் வண்டல் திரண்டு உண்டான கல்லுன்னு சொன்னாங்க. பெரியவங்களுக்கு அது ஒரு நாள் செய்தி, ஆனா ஒன்பதாவது படிக்கிற பையன் முகத்தோட டிவியில வந்து அப்புறம் பொய்யாப் போச்சுன்னா அது அவனோடவே நிக்கும்.

ரெண்டாவது, அது என்ன எலும்புன்னு நானே சொல்லக்கூடாது, அவனே பாத்து முடிவுக்கு வரணும்னு வச்சுக்கிட்டேன். உண்மைய சொன்னா பாத்த உடனே எனக்கு மாட்டெலும்புன்னுதான் தோணுச்சு. ஆனா "மாடுதாண்டா"ன்னு சொல்லி அனுப்பியிருந்தா, ஓட்டை இருக்கே அது எப்படின்னு அவன் கேட்டா அந்த நேரத்துல என்கிட்ட பதில் இல்ல.

மூணாவது, அரியலூர் பக்கம் வாரணவாசி மியூசியத்துக்கு தூக்கிட்டு போகலாம்னு சிலர் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நாமளே செய்யக்கூடிய ஒப்பீட்ட செஞ்சுடலாம்னு முடிவு பண்ணோம்: கோழி இடுப்பு ஒண்ணு, ஆட்டு இடுப்பு ஒண்ணு, பக்கத்துல நம்ம எலும்பு. கோழி தெரோபாட் வம்சம், ஆடு பாலூட்டி. நம்ம எலும்பு எதோட சேருதுன்னு பாக்கணும், அவ்ளோதான் கேள்வி.

மண்ணு சொன்னது

எலும்ப தொடுறதுக்கு முன்னாடி மண்ண பத்தி பேசினோம். நம்ம டெல்டா மேல் மண்ணு பூரா காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், பூமியோட கணக்குல நேத்து வந்த மண்ணு. டைனோசர் கதை 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சு, பறவைய தவிர. அந்த காலத்து கிரிட்டேசியஸ் பாறை நமக்கு கீழயும் இருக்கு, ஆனா எண்ணெய்க்கு துளை போடுறவங்க போற ஆழத்துல இருக்கு. கொள்ளிடத்துக்கு வடக்க அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான் அது மேல வந்து வெயில்ல கிடக்கு. பொக்லைன் ரெண்டு ஆள் ஆழம் தோண்டினா அது வராது. பையன் இத கேட்டுட்டு, "ஆத்துல அடிச்சுட்டு வந்திருந்தா?"ன்னான். நல்ல கேள்வி. அப்படி உருண்டு வந்த எலும்புக்கு ஓரம் எல்லாம் தேஞ்சு மழுங்கியிருக்கும், இதுக்கு ஓரம் கூரா இருந்துச்சு. அத அவனே தடவிப் பாத்து சொன்னான்.

கோழி

மொத தடவை கடையில ப்ராய்லர் கோழி வாங்கி குக்கர்ல வச்சேன், நாலு விசில். தொறந்து பாத்தா எலும்பு முனையெல்லாம் கொழகொழன்னு கரைஞ்சு போச்சு. ப்ராய்லர் ஆறு வார குஞ்சுதான், முனையெல்லாம் இன்னும் குருத்தெலும்பு, அதுல பாதி போயிடுச்சு. ஆனா அந்த தோல்வியில ஒரு லாபம், வளந்த கோழியில ஒண்ணா ஒட்டிப்போற இடுப்போட மூணு எலும்பும், மேல இருக்குற இலியம், பின்னாடி இருக்குற இஸ்கியம், அப்புறம் ப்யூபிஸ், இதுல சேர்ற கோட்டுலயே விட்டு தனித்தனியா வந்துச்சு. ப்யூபிஸ் மெல்லிசா, ஈர்க்குச்சி மாதிரி, பின்னாடி பாத்து சாஞ்சு இருக்குறத பசங்க கையில எடுத்தே பாத்தாங்க. முந்தின நாள் போர்டுல நான் போட்ட சண்டை எல்லாம் இந்த ஈர்க்குச்சிய பத்தித்தான்.

ரெண்டாவது தடவை பையனோட அப்பாயி முட்டை விட்டு ஓஞ்ச கெழட்டு நாட்டுக்கோழி ஒண்ண குடுத்தாங்க. இத சின்ன தீயில கொதிக்க விடாம வேகவச்சு, கறிய எடுத்து, சோப்புத்தூள் தண்ணியில ஒரு நாள் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ல தேய்ச்சு, மெடிக்கல்ல வாங்கின ஹைட்ரஜன் பெராக்சைடுல கொஞ்சம் வெளுக்க விட்டோம். இடுப்பு ஒரே துண்டா படகு மாதிரி வந்துச்சு. அத வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா தொடை சேர்ற எடத்துல வட்டமா ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஜன்னல் தெரியுது. பையன் தீக்குச்சிய விட்டான், ஆர்பார் போச்சு. யாரும் பேசல ஒரு நிமிஷம். வருஷக்கணக்கா கோழிக்குழம்பு சாப்புட்டவங்கதான் எல்லாரும், ஒருத்தரும் அந்த ஓட்டைய பாத்ததில்ல.

அந்த ஒரு கோழியில அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டோம். நெஞ்சுக்கு மேல கவட்டை மாதிரி இருக்குற எலும்பு, ரெண்டு காறையெலும்பும் ஒண்ணா ஒட்டினது, அது டி ரெக்ஸ்க்கும் உண்டு. தெரோபாட்டுக்கு காறையெலும்பே கிடையாதுன்னு நினைச்சுத்தான் 1926ல ஹைல்மான்கிற டென்மார்க்காரர் பறவை அதுங்ககிட்டேர்ந்து வந்திருக்க முடியாதுன்னு ஒதுக்கினாரு, ரொம்ப வருஷம் எல்லாரும் அதையே நம்பினாங்க. சிறகு நுனியில மூணு விரல், கட்டைவிரல் மட்டும் தனியா அசையுது. 1964ல அமெரிக்காவுல மொன்டானாவுல ஆஸ்ட்ரம்கிற ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த டைனோனிகஸ்ங்கிற தெரோபாட்டுக்கும் மூணு விரல்தான், அதோட மணிக்கட்டுல பாதி நிலா வடிவத்துல ஒரு எலும்பு, கைய பக்கவாட்டுல மடக்குறதுக்கு, கோழி சிறக மடக்குற அதே மடிப்பு. ஆஸ்ட்ரம் இதையெல்லாம் எடுத்து வச்ச பிறகுதான் பறவை-தெரோபாட் உறவு திரும்ப பேச்சுக்கு வந்துச்சு. அப்புறம் கோழிக்கால் துண்டுல பல்லுக்கு மாட்டுற அந்த ஊசி எலும்பு, அது ஃபிபுலா, தெரோபாட்ல கணுக்கால் வரைக்கும் முழுசா இருந்தது பறவையில கூர்ந்துபோய் பாதியிலயே நின்னுடுச்சு. கோழிக்கு முட்டி பின்னாடி மடங்குதுன்னு நாம சொல்றது முட்டியே இல்ல, கணுக்கால், முட்டி மேல உடம்போட ஒட்டி இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. இத சொன்னதும் பசங்க எல்லாம் எந்திரிச்சு குதிகால தூக்கி விரல்ல நின்னு பாத்தாங்க.

ஆடு, அப்புறம் நம்ம எலும்பு

கறிக்கடை பாய்கிட்ட இடுப்ப வெட்டாம முழுசா குடுங்கன்னு முந்தின நாளே சொல்லி வச்சேன். அத வேகவச்சு பக்கத்துல வச்சதும் பையனுக்கு புரிய ஆரம்பிச்சது, முகத்துலயே தெரிஞ்சுது. ஆட்டு இடுப்புல தொடை சேர்ற எடம் பாடப்புத்தகத்துல போட்ட மாதிரி கிண்ணம், அடியில எலும்பு மூடியிருக்கு. அந்த கிண்ணத்துக்கு பக்கத்துல தனியா ஒரு பெரிய ஓட்டை, அது தசைக்கும் நரம்புக்கும் வழி விடுற ஓட்டை, பாலூட்டிங்களுக்கு பொதுவா இருக்கு, நமக்கும் இருக்கு.

வாய்க்கால் எலும்ப எடுத்து கிண்ணத்துக்குள்ள இன்னும் ஒட்டியிருந்த களிமண்ண குச்சியால நோண்டினான். அடி மூடியிருந்துச்சு. அவன் மொத நாள் பாத்த ஓட்டை பக்கத்து ஓட்டை. பூட்ஸ்னு சொன்ன முண்டு, மாடு உக்கார்ற பக்கத்து இஸ்கியம் முனை. தெரோபாட்ல பூட்ஸ் இருக்குறது ப்யூபிஸ்ல. கடைசியா ஒரு ஊசிய பழுக்க காய்ச்சி உடைஞ்ச ஓரத்துல வச்சேன், முடி பொசுங்குற நாத்தம் வந்துச்சு. கல்லா மாறின எலும்புல அந்த நாத்தம் வராது, உள்ள இன்னும் புரதம் இருந்தாத்தான் வரும். கறுப்பு நிறம் களிமண் ஏத்தினது.

அப்ப ஒரு பொண்ணு கேட்டா, ஆடும் கால நேரா கீழ வச்சுத்தானே நிக்குது, அதுக்கு ஏன் டீச்சர் ஓட்டை இல்லன்னு. இதுக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டேன். டைனோசருக்கு கால் உடம்புக்கு நேர் கீழ, தொடையெலும்போட தலை உள்பக்கமா திரும்பி, உடம்பு பாரம் குழியோட மேல் விளிம்புல விழும், அடியில எலும்பு வேண்டிய அவசியம் குறைஞ்சு போச்சு. பாலூட்டி வம்சம் தனியா வேற காலத்துல கால நேராக்குச்சு, கிண்ணத்த மூடினபடியே வச்சுக்கிட்டு. ஒரே தேவைக்கு ரெண்டு ஏற்பாடு. கோழிக்கு ஓட்டை இருக்குறது அதோட முன்னோருக்கு இருந்ததால. உறவு தேடும்போது இந்த மாதிரி வழிவழியா வந்த அடையாளத்தத்தான் தேடணும்னு சொன்னேன், அதுவும் ஒண்ண மட்டும் வச்சு சொல்லக்கூடாது, ஏன்னா இடுப்புக்குழி ஓட்டை சைவ டைனோசருக்கும் உண்டு.

அடுத்து நடந்தது

பையன் ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வரல. பசங்க அவன "டைனோசர்"னு கூப்புட ஆரம்பிச்சிருக்காங்க. நான் வீட்டுக்கு போனேன். அப்பாயி திண்ணையில இருந்தாங்க, எந்த எடத்துல எடுத்தான்னு சொன்னதும், "அங்கயா, கஜாவுல செத்த மாட்ட எல்லாம் அந்த கரையிலதானே டீச்சரம்மா பொதச்சாங்க, நம்ம மாடு ரெண்டும் அங்கதான் கெடக்கு"ன்னாங்க. கஜா புயல், 2018 நவம்பர் 16. எங்க பக்கம் தென்னையும் கூரையும் மாடும் ஒரே ராத்திரியில போன நாள். இது அந்த மாடுதான்னு நிரூபிக்க வழியில்ல, ஆனா பையன் அதுக்கப்புறம் அந்த எலும்ப தூக்கிப்போட விடல.

அவன்கிட்ட அன்னிக்கு திண்ணையிலயே அரியலூர் கல்லமேட்டு கதைய சொன்னேன். அங்க கெடச்ச பெரிய எலும்புங்கள இந்திய புவியியல் ஆய்வுத்துறையச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987ல புருகத்காயோசாரஸ்னு பேர் வச்சு, கறி தின்னி வகைன்னு எழுதினாங்க. அதுலயும் அடிப்படையா வச்ச எலும்பு இடுப்பெலும்புதான், இலியம். அப்புறம் மத்த ஆராய்ச்சியாளர்கள் பாத்துட்டு இது நீளக்கழுத்து சைவ டைனோசர், சாரோபாட் கூட்டம்னு மாத்தினாங்க, இப்ப அப்படித்தான் வச்சிருக்காங்க. எலும்பு தூளா போயிட்டதால திரும்ப எடுத்து பாக்கவும் முடியல. படிச்சு கரை கண்டவங்க எலும்புலயே வகை மாறியிருக்கு, நீ நாலே நாள்ல உன் கையாலயே பாத்து மாத்திக்கிட்டன்னு சொன்னேன். மறுநாள் வந்தான்.

ஆகஸ்ட்ல அறிவியல் கண்காட்சியில மூணு இடுப்பையும் வரிசையா வச்சோம், பக்கத்துல ஒரு தீப்பெட்டி. வர்றவங்க குச்சிய விட்டு பாக்கணும், எதுல போகுது எதுல முட்டுது. மாட்டெலும்புக்கு பையனே சீட்டு எழுதினான்: "இத நான் தெரோபாட்னு நினைச்சேன். ஏன் இல்லன்னு கிண்ணத்துக்குள்ள பாருங்க." பரிசு கிடைக்கல. ஆனா அந்த மேசைய விட்டு கூட்டம் நகரல, குறிப்பா சமையல் தெரிஞ்ச அம்மாங்க.

அடுத்த தடவை மாத்த வேண்டியது

மொத நாளே அப்பாயிகிட்டயோ அந்த கரைக்காரங்ககிட்டயோ போய் கேட்டிருக்கணும். எலும்ப நாலு நாள் ஆராஞ்சோம், மண்ண பத்தி தெரிஞ்ச ஆள கடைசியில பாத்தோம். எடுத்த எடத்துல எவ்ளோ ஆழம், மேல என்ன மண்ணு, கீழ என்ன மண்ணுன்னு ஒரு போட்டோ கூட இல்ல. இது உண்மையிலேயே அரியலூர் பக்கம் கெடச்சிருந்தா அந்த தகவல் போனது எலும்பு போனதுக்கு சமம். இப்ப பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன், எது கெடச்சாலும் புடுங்காத, ஒரு ஸ்கேல பக்கத்துல வச்சு போட்டோ எடு, எடத்த குறிச்சுட்டு வந்து சொல்லு.

எனக்கு நிச்சயமா தெரியாதத போர்டுல எழுதுறதில்ல. ஒரு பிள்ளை மறுத்து எந்திரிச்சா உக்கார சொல்றதும் இல்ல, எங்க படிச்சன்னு கேக்குறேன். கோழி வாங்குனா கெழட்டு நாட்டுக்கோழி ஒண்ணும் ப்ராய்லர் ஒண்ணும் ரெண்டுமே வாங்குறேன், ஓட்டைக்கு அது, மூணு எலும்பு பிரிச்சு காட்ட இது.

பையன் இப்பவும் விடல. 2017ல மேத்யூ பேரன், டேவிட் நார்மன், பால் பாரெட்னு மூணு ஆராய்ச்சியாளருங்க சேர்ந்து, தெரோபாட்டுக்கு நெருங்கின சொந்தம் சாரோபாட் இல்ல பறவை இடுப்பு கூட்டம்தான்னு மரத்தையே மாத்தி போட்டிருக்காங்கன்னு ஒரு நாள் வந்து நின்னான், அதே வருஷம் வேற சிலர் அத மறுத்தும் எழுதியிருக்காங்க, அதையும் அவனே சொன்னான். லேப் சுவத்துல நாங்க ஒட்டியிருக்குற சார்ட்டுல மத்த கோடு எல்லாம் ஸ்கெட்ச் பேனா. கோழியும் டி ரெக்ஸும் ஒரே கிளையில இருக்குற கோடு கூட அழுத்தி போட்டதுதான். அடியில அந்த மூணு கூட்டமும் பிரியுற எடத்த மட்டும் பென்சில்ல போட சொன்னேன்.